நூற்று நாற்பதாவது கிலோமீட்டரில் ஒரு சோடா

ஜூன் 12

என் அக்கா பெற்ற அருமை மருமகளுக்கு,

இப்போது நான் எழுதப்போகும் கதையை இந்த உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. நம்பாதவர்கள் வரிசையில் நீ முதலில் நிற்பாய். உனக்குப் பின்னால் உன் அம்மா. மூன்றாவதாக நானே போய் நின்றாலும் ஆச்சரியப்படாதே. ஆனாலும் சத்தியம் செய்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். சத்தியம் செய்கிற கையில் கிரீஸ் ஒட்டியிருக்கிறது, அதை மட்டும் பொறுத்துக்கொள்.

தபாலில் ஏன் எழுதுகிறேன் என்றால், போட்டி நடந்த அன்று சாயங்காலமே என் எண்ணை உன் போனில் முடக்கிவிட்டாய். கிளினிக்குக்குப் போன் போட்டால் உன் வரவேற்பறைப் பெண், "டாக்டர் ரூட் கெனால்ல இருக்காங்க" என்கிறாள். காலையில் கேட்டாலும் ரூட் கெனால், மாலையில் கேட்டாலும் ரூட் கெனால். அப்படி ஒரு வேரா? நீ பிடுங்குவது பல்லையா, புளியமரத்தையா?

சரி, கதைக்கு வருகிறேன். ஏரியில் நீந்தி, அந்த ஈரத்தோடு நூற்று எண்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அது போதாதென்று ஒரு முழு மாரத்தானும் ஓடுவேன் என்று ஒருவர் சொன்னால், மற்ற குடும்பங்களில் கதவைச் சாத்தி வைத்தியரைக் கூப்பிடுவார்கள். நம் குடும்பத்தில் மாமனைக் கூப்பிட்டு வேனை ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினேன். நூற்று நாற்பதாவது கிலோமீட்டரில், ஒரு நாற்காலிக் கிடங்கின் சுவர் ஓரமாகப் போய் நின்றேன். வெயில் எப்படி என்கிறாய்? தார் கொதித்துக் குமிழி விட்டது. ஒரு காக்கா நிழல் கேட்டு என் தொப்பிக்குள் வந்து உட்கார்ந்தது. அதற்கும் கொஞ்சம் இடம் விட்டேன்.

அப்போது நீ வந்தாய். ஒரு நத்தை உன்னை முந்திக்கொண்டு போனது. போகிற போக்கில் திரும்பி, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று விசாரித்துவிட்டும் போனது. உன் முகம் ஈரச் சிமென்ட் நிறத்தில் இருந்தது. சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்தாய். உன் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. கிடங்கில் அடுக்கியிருந்த நாற்காலிகள் எல்லாம் எழுந்து நின்றன. பிறகு, அதுவரை நீ உறிஞ்சிய இனிப்பு ஜெல், குடித்த சர்க்கரைத் தண்ணீர் எல்லாம் போன வழியே திரும்பி வந்தன. மூன்று மாவட்டத்து எறும்புகள் பெண்டு பிள்ளைகளோடு வண்டி பிடித்து வந்து இறங்கின.

உன் மாமன் பார்த்தான். பன்னிரண்டு அடி உயரத் தடுப்பை ஒரே தாவலில் தாண்டினான். கையில் இருந்த எலுமிச்சைச் சோடாவைத் திறந்து உன் வாயில் ஊற்றினான். உயிர் வந்தது. கூடவே, எமன் எருமையை விற்று மோட்டார் சைக்கிள் வாங்கினதுபோல ஒரு கறுப்புச் சட்டை நடுவரும் வந்தார். வெளியாள் உதவி, போட்டியிலிருந்து நீக்கம் என்று சீட்டைக் கிழித்து நீட்டினார்.

இதுவரைக்கும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதற்கப்புறம் நீ எழுந்து நின்று, அத்தனை பேர் முன்னால், "உங்கள மாதிரி ஒரு முட்டாள நான் பார்த்ததே இல்ல மாமா" என்றாயே, அதுதான் ஆறவில்லை. அதைச் சொல்லத் தெம்பு எங்கிருந்து வந்தது? என் சோடாவிலிருந்து! என் காசில், என் சோடாவில், எனக்கே திட்டு! அப்புறம் நீ டாக்சியில் போய்விட்டாய். நான் வேனில் உன் சைக்கிளோடு தனியாக வந்தேன். வழியெல்லாம் அதுவும் என்னோடு பேசவில்லை.

பதில் போடு. திட்டியாவது போடு.

உன் தாய்மாமன்,
லிஃப்ட் மெக்கானிக் (உலகப் புகழ் வழியில் வந்துகொண்டிருக்கிறது)


ஜூன் 19

மாமா,

திட்டியே போடுகிறேன்.

புளியமரமும் இல்லை, ரூட் கெனாலும் இல்லை. உங்களோடு பேசப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். அந்தப் பெண்ணிடம் அப்படிச் சொல்லச் சொன்னவள் நான்தான்.

பன்னிரண்டு அடித் தடுப்பு எதுவும் அங்கே கிடையாது. இடுப்பு உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாடா கட்டியிருந்தார்கள். நீங்கள் அதற்குக் கீழே குனிந்து வந்தீர்கள். தொப்பி விழுந்தது. அதற்குள் காக்கா எதுவும் இல்லை.

உங்களுக்கு இது சிரிப்பு. எனக்கு என்னவென்று ஒருமுறையாவது யோசித்தீர்களா? இரண்டு வருஷம் மாமா. விடிவதற்கு முன் நீச்சல், பிறகு நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து நிற்பது, சாயங்காலம் ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை என்றால் சைக்கிள். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போனதில்லை. சொந்தக்காரர்களுக்கெல்லாம் நான் திமிர் பிடித்தவள். பரவாயில்லை, எல்லைக்கோட்டைத் தாண்டினால் போதும் என்று இருந்தேன். பாதி வழியில் சோடாவோடு வந்து நிற்கிறீர்கள்!

அந்தப் போட்டியின் விதி ஒன்றே ஒன்றுதான், குழந்தைக்கும் புரியும். அவர்கள் வைத்திருக்கும் மேசைகளில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வேறு யார் எதைக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. ஒரு வாய்த் தண்ணீர்கூட.

இத்தோடு முடிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பேன். முடியவில்லை. நானே ஏற்பாடு செய்து உங்களை அங்கே நிறுத்தி வைத்திருந்தேனா என்று போட்டிக் குழு இப்போது விசாரிக்கிறது. ஆமாம் என்று அவர்கள் முடிவு செய்தால் ஒரு வருஷத் தடை. அடுத்த போட்டி குளிர்காலத்தில். அதில் ஓட முடியாவிட்டால் இதையெல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்க என்னிடம் தெம்பு இல்லை. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அதனால் நீங்கள் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். இரண்டே வாக்கியம். நான் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை, நீங்களாகத்தான் வந்து கொடுத்தீர்கள் என்பது ஒன்று. நீங்கள் குறுக்கே வந்திருக்காவிட்டால் நான் போட்டியை முடித்திருப்பேன் என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சேர்த்தால்தான், எனக்கு உதவி தேவையே இல்லை, பிறகு எதற்கு ஏற்பாடு செய்யப்போகிறேன் என்று அவர்களுக்குப் புரியும்.

நத்தை வேண்டாம். எறும்பு வேண்டாம்.

உங்கள் அக்கா மகள்


ஜூன் 25

அருமை மருமகளுக்கு,

முதல் வாக்கியத்துக்கு இரண்டு கையாலும் கையெழுத்துப் போடுகிறேன். வேண்டுமானால் கால் பெருவிரலையும் மையில் தோய்த்து வைக்கிறேன். இரண்டாவது வாக்கியத்துக்கு மாட்டேன். குழு மொத்தமும் யானை மேல் ஏறி வந்து கேட்டாலும் மாட்டேன்.

கோபம் உனக்கு மட்டும்தான் வருமா? எனக்கும் நன்றாக வரும். எட்டு வருஷமாக என் டீயில் சர்க்கரை இல்லாமல் பண்ணினவள் யார்? உன் வீட்டு விருந்தில், அத்தனை உறவுக்காரர்கள் நடுவில், போன் வெளிச்சத்தை என் வாய்க்குள் அடித்து, "கடைவாய்ல ஒரு சுரங்கமே இருக்கு, எல்லாரும் வந்து பாருங்க" என்று கூட்டம் சேர்த்தவள் யார்? என் சம்பந்தி வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்! இனிப்பு என் ஜென்ம விரோதி என்று சொன்னாய். நம்பினேன். லட்டைப் பார்த்தால் எதிர்ப் பக்கம் நடந்து போகிற மனுஷனாக மாறினேன்.

அப்பேர்ப்பட்ட பல் டாக்டர், சைக்கிள் கம்பியில் ஒரு காகிதத்தை ஒட்டி வைத்திருக்கிறாள். மணிக்கு மணி இத்தனை சர்க்கரை, இத்தனை உப்பு, இத்தனை ஜெல். அந்தச் சர்க்கரையை ஒரு தட்டில் கொட்டினால் பேரப்பிள்ளைகள் சறுக்கி விளையாடலாம். "என்ன பாப்பா இது?" என்று கேட்டேன். "இது சர்க்கரை இல்ல மாமா, எரிபொருள்" என்றாய். எனக்கென்றால் சர்க்கரை, உனக்கென்றால் எரிபொருளா? என் கடைவாய்ப் பல் என்ன பாவம் செய்தது? அன்றைக்கே கேட்டிருப்பேன். போட்டிக்கு முந்தின நாள், மனதைக் கெடுக்கக் கூடாது என்று விழுங்கிக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் பொய் சொல்வேன். அது ஊருக்கே தெரியும். என் பொய்க்குக் கையும் உண்டு, காலும் உண்டு, விசேஷ நாளில் கிரீடமும் உண்டு. ஆனால் வாயால் சொல்கிற பொய் வேறு, கையெழுத்துப் போடுகிற பொய் வேறு. நான் பார்க்கிற ஒவ்வொரு லிஃப்டுக்குள்ளும் ஒரு சின்ன அட்டை மாட்டியிருக்கும். சோதித்தேன், எட்டுப் பேர் ஏறலாம் என்று எழுதிக் கீழே நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். அதை ஒருவரும் படிப்பதில்லை. ஆனாலும் அதை நம்பித்தான் கைக்குழந்தையோடு ஏறுகிறார்கள். கயிற்றில் ஒரு இழை விட்டிருந்தாலும் நான் போடமாட்டேன். கட்டட முதலாளி என் மேல் நாயை ஏவினாலும் போடமாட்டேன். ஒருத்தர் ஏவியும் இருக்கிறார்.

நீ முடித்திருப்பாய் என்று நான் கையெழுத்துப் போட்டால், குழு நம்புகிறதோ இல்லையோ, அதை நம்பி அடுத்த போட்டியில் நீ ஏறிவிடுவாய். அதுதான் என் பயம். உன் கால் வலுவானது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அன்றைக்கு நாற்காலிக் கிடங்கு ஓரத்தில் உன்னைப் பார்த்தவன் நான்.

இதற்கு மேல் கேட்காதே.

உன் தாய்மாமன்


ஜூலை 8

மாமா,

என்னை லிஃப்டாக்கியதற்கு நன்றி. எத்தனை பேர் ஏறலாம் என்றும் எழுதியிருக்கலாம்.

உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் தூங்கவில்லை. பயத்தில் இல்லை, ஆத்திரத்தில். நீங்கள் சொல்வது தப்பு என்று காட்டுகிறேன் பாருங்கள் என்று, நின்ற இடத்திலேயே மிதிக்கிற மாதிரி ஹாலில் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டினேன். போட்டியன்று வைத்திருந்த அதே திட்டம், அதே பொடி, அதே ஜெல், அதே வேகம். அம்மா எதிரில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். முதல் மணி நேரம் ராணி மாதிரி ஓட்டினேன். இரண்டாவதில் வயிறு பானையாக உப்பியது. மூன்றாவதில் இறங்கக்கூட நேரம் இல்லை. தரை துடைக்கிற வாளியில்தான் வாந்தி எடுத்தேன்.

அம்மா கையிலிருந்த துண்டை நீட்டினாள். "இதுக்குப் பணம் வேற கட்டினியாடி?" என்றாள்.

எனக்குப் பயிற்சி கொடுக்கிற கோச்சுக்குப் போன் போட்டு, அவர் போட்ட திட்டமே தப்பு என்று கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை எல்லாம் என்ன குடிச்ச?"

"தண்ணி."

"வெறும் தண்ணியா? ரெண்டு வருஷமும்?"

ஆமாம். வெறும் தண்ணீர்தான். ஆறு மணி நேரம் சர்க்கரைத் தண்ணீரை வாய்க்கு வாய் உறிஞ்சினால் பல்லுக்கு என்ன ஆகும் என்று எனக்குத்தானே தெரியும்? அப்படிப்பட்ட பற்களைத்தானே தினமும் அடைத்துக்கொண்டிருக்கிறேன்? வாரா வாரம் எதற்கு, போட்டியன்று ஒரு நாள் மட்டும் குடித்துக்கொள்ளலாம், மறுநாள் என் நாற்காலியில் நானே உட்கார்ந்து சுத்தம் செய்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அவரிடம் திட்டப்படி குடிக்கிறேன் என்று சொல்லி வந்தேன். அதை இப்போது அவரிடமே ஒப்புக்கொண்டேன். அப்புறம், "காலுக்கு ரெண்டு வருஷம் பயிற்சி கொடுத்திருக்க. வயித்துக்கு ஒரு நாள்கூடக் கொடுக்கலையேம்மா" என்றார். வயிறும் பழக வேண்டுமாம். திடீரென்று அவ்வளவு சர்க்கரையைக் கொட்டினால் அதற்கு உள்ளே வாங்கத் தெரியாதாம்.

இப்போது பாதி அளவிலிருந்து தொடங்கியிருக்கிறேன். வாரம் கொஞ்சமாக ஏற்றுகிறேன். ஒவ்வொரு மடக்குக்கும் பிறகு தண்ணீரால் வாய் கொப்பளிக்கிறேன். ஆக, அன்று என் வயிறு என்னைக் கைவிட்டது உண்மை. இதை எழுத எவ்வளவு எரிகிறது தெரியுமா?

ஆனால் நீங்கள் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அதே போனில் கோச் இன்னொன்றும் சொன்னார். போட்டிக்கு முந்தின நாள், உடன் வருகிறவர்களுக்கு விதிகளை விளக்கும் கூட்டத்தில் நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தீர்களாம். எழுந்து நின்று, "தாய்மாமன் ஒரு வாய்த் தண்ணி குடுத்தாலுமா?" என்று கேட்டீர்களாம். "கடவுளே குடுத்தாலும் வெளியேதான்" என்று அந்த நடுவர் சொல்ல, கூட்டமே சிரித்ததாம்.

ஆக, உங்களுக்குத் தெரியும்! தெரியாத்தனமாகச் செய்துவிட்டார் பாவம் என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

எனக்கு எல்லாம் தெளிவாக நினைவிருக்கிறது. சுவரில் சாய்ந்தேன். வாந்தி எடுத்தேன். உடனே நீங்கள் வந்தீர்கள். குடித்தேன். நான் நன்றாகத்தான் இருந்தேன் மாமா. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால், வயிறு அடங்கியதும் மெதுவாக மிதித்து, நடந்தாவது முடித்திருப்பேன். வாந்தி எடுத்தவர்கள் எத்தனையோ பேர் முடித்திருக்கிறார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தைக்கூட எனக்குக் கொடுக்காமல், தெரிந்தே என்னை வெளியேற்றியிருக்கிறீர்கள்.

ஏன்? அதைச் சொல்லாமல் என் வீட்டு வாசலில் கால் வைக்காதீர்கள். விசாரணை இந்த மாதக் கடைசியில். கதை வேண்டாம்.

அக்கா மகள்


ஜூலை 14

பாப்பா,

முதலில் காரியம். இந்த உறைக்குள் குழுவுக்கான கடிதம் இருக்கிறது. நீ எதையும் கேட்கவில்லை, விதி தெரிந்தே, என் இஷ்டத்துக்கு நான்தான் கொடுத்தேன், கூட்டத்தில் நான் கேட்ட கேள்விக்கு அந்த நடுவரே சாட்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த ஒரு வாக்கியமே போதும் என்று உன் கோச்சும் சொல்கிறார். ஆமாம், அவரிடம் பேசினேன். அவர் என் எண்ணை முடக்கவில்லை. குளிர்காலத்தில் ஓடுவதும் ஓடாததும் உன் முடிவு. வயிறு முழு அளவுக்குப் பழகி, டாக்டர் ஒருவர் உன்னைப் பரிசோதித்து, போகலாம் என்று சொன்ன பிறகு போ. பல் டாக்டர் கணக்கில் வரமாட்டார்.

அடுத்தது உன் "ஏன்".

கதை வேண்டாம் என்கிறாய். கதை இல்லாமல் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. என் வழியில் சொல்கிறேன், பொறுத்துக்கொண்டு படி.

வாந்தி எடுத்தாய், உடனே நான் வந்தேன் என்கிறாயே, நடுவில் ஒரு பெரிய நேரம் போனது. அந்த நேரத்தில் இரண்டு அரசாங்கங்கள் கவிழ்ந்தன. ஒரு கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிக் கிரகப்பிரவேசமும் முடித்துவிட்டார்கள். அவ்வளவு நேரமும் நான் நாடாவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, விதியை மதித்து. தொண்டை கிழியக் கத்தினேன். கத்தினது ஏரி மீன்களுக்கெல்லாம் கேட்டது. மருத்துவ வண்டிக்கு மட்டும் கேட்கவில்லை. அது அடுத்த மேசைப் பக்கம் போயிருந்தது.

நீ எழுந்தாய். அப்பாடா என்றேன். சைக்கிளை எடுத்து, வந்த திசையிலேயே திருப்பினாய். மறுபடி ஏரியிலிருந்து தொடங்கப்போகிறாள் போல, என்ன நேர்மை என்று நினைத்தேன். எதிரே வந்த வீரர்கள் எல்லாம் தொப்பியைக் கழற்றி உனக்கு வணக்கம் வைத்தார்கள். மணி இல்லாத சைக்கிளில் நீ வாயாலேயே மணி அடித்தாய். அப்போதுதான் நாடாவுக்குக் கீழே குனிந்தேன். சோடாவை நீட்டவில்லை, வெறுமனே முன்னால் போய் நின்றேன். "பாப்பா, மாமா வந்திருக்கேன்" என்றேன்.

நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். உன் கிளினிக்கில் புதிதாக வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பாயே, அந்தச் சிரிப்பு. "வாங்க, உக்காருங்க" என்றாய். "எந்தப் பல்லு வலிக்குது?"

அந்த நிமிஷம் சூரியன் அணைந்து போனது. கிடங்கு நாற்காலிகள் எல்லாம் ஒன்றாகச் சரிந்தன. கயிறு அறுந்த லிஃப்டு ஒன்று ஆயிரம் மாடி இறங்கியது, அதற்குள் நான் மட்டும் இருந்தேன். விதிப் புத்தகம் முழுக்க ஞாபகத்தில் இருந்தபடியேதான் மூடியைத் திறந்தேன். பாதி பாட்டில் போன பிறகுதான் உன் கண்ணுக்கு நான் யாரென்று தெரிந்தது. முட்டாள் என்று திட்டினாய் பார், அப்போது அத்தனை பேர் முன்னால் நான் சிரித்ததை நீ கவனிக்கவில்லை. அப்புறம் வேனில் வரும்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. அதற்கு முன்னால் கோபப்பட எனக்கு நேரம் இல்லை.

இதை அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். சொன்னால் அன்றைக்கே உன் சைக்கிளைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடுவாள். குழுவுக்கும் எழுதவில்லை, அவர்கள் கேட்டது அது இல்லை. உன்னிடமும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நன்றாகத்தான் இருந்தேன் மாமா என்று எழுதிவிட்டாய். அதை நம்பி நீ மறுபடி ஏறக் கூடாது.

அரசாங்கம் எதுவும் கவிழவில்லை. வீரர்கள் தொப்பியைக் கழற்றவில்லை, நீ மணியும் அடிக்கவில்லை. அதெல்லாம் என் சரக்கு, எவ்வளவு வேண்டுமானாலும் கழித்துக்கொள். பல்லைப் பற்றிக் கேட்டாயே, அது மட்டும் நடந்தது. எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. நடுரோட்டில் நின்று வாயைத் திறந்து காட்டினேன்.

மாமா